பிராட்: எண்ணை நம்பும் முன் படத்தைப் பாருங்கள்

பேச்சொலியைக் கணினியில் அளக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் 1990-களின் தொடக்கத்திலிருந்து வளர்த்துவரும் மென்பொருள் இது. கட்டணம் இல்லை, மூலநிரல் திறந்திருக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஒரே ஒரு கோப்பை இறக்கித் திறந்தால் வேலை தொடங்கிவிடலாம்.

ஒலியியல் ஆய்வுக்கு இதற்கு ஈடான இலவச மென்பொருள் இன்னொன்று இல்லை. சுருதி, ஃபார்மன்ட் (குரல்வழியின் ஒத்ததிர்வு அதிர்வெண்), ஒலிச்செறிவு, கால அளவு, குறியிடல், ஒலியை மாற்றித் திரும்ப உருவாக்குதல், கேட்டல் சோதனை என எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஃபார்மன்ட் கேட்டால் பிராட் எப்போதும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். மின்விசிறி இரைச்சலைக் கொடுத்துக் கேட்டாலும் ஐந்து ஃபார்மன்ட்களை அடுக்கித் தரும். அந்த எண் தொண்டையிலிருந்து வந்ததா, அமைப்புப் பெட்டியிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுக்கப் பயனரிடமே இருக்கிறது. அதற்குத் தேவையான படத்தையும், அதாவது எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமையும், பிராட்டே காட்டுகிறது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரைகளில் தவறான எண்கள் வந்துகொண்டிருப்பதற்குப் பெரும்பாலும் அந்தப் படத்தை யாரும் பார்க்காததே காரணம்.

திறந்ததும் இரண்டு சாளரங்கள் வரும். ஒன்று ஆப்ஜெக்ட்ஸ், இன்னொன்று பிக்சர். புதியவர் பிக்சர் சாளரத்தை மூடிவிட்டு ஆப்ஜெக்ட்ஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒலிக்கோப்பைத் திறந்தால் அது பட்டியலில் ஒரு பொருளாக வந்து உட்காரும். அதைத் தேர்ந்தெடுத்ததும் வலப்பக்கப் பொத்தான்கள் அந்தப் பொருளுக்கு ஏற்றபடி மாறும். ‘கெட்’ என்று தொடங்கும் கட்டளை ஓர் எண்ணைச் சொல்லும், ‘டூ’ என்று தொடங்குவது புதிய பொருளை உண்டாக்கும், பெயருக்குப் பின் மூன்று புள்ளிகள் இருந்தால் அது அமைப்புகளைக் கேட்கும். இந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் மெனுக்களின் கூட்டம் பயமுறுத்தாது. பட்டியலில் இருப்பதெல்லாம் நினைவகத்தில்தான் இருக்கிறது, வட்டில் இல்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தானாகச் சேமிக்கும் வசதி கிடையாது. ஒரு மணி நேரம் குறியிட்டுவிட்டு மின்சாரம் போனால் அந்த ஒரு மணி நேரமும் போயிற்று.

அரை நிமிடக் கோப்பைத் திறந்தால் அலைவடிவம் மட்டும் தெரிந்து, ஸ்பெக்ட்ரோகிராம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். பழுது எதுவும் இல்லை. 10 வினாடிக்கு மேல் நீளமான பகுதியைத் திரையில் வைத்திருந்தால் பகுப்பாய்வைக் காட்டாமல் விடுவது முன்னிருப்பு. வேண்டிய பகுதியைத் தேர்ந்து கன்ட்ரோல்-என் அழுத்திப் பெரிதாக்கினால் வந்துவிடும். மணிக்கணக்கான பதிவுகளுக்கு லாங் சவுண்ட் என்ற தனி வழி உண்டு. அது முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாது. பார்க்கலாம், குறியிடலாம், திருத்த மட்டும் முடியாது.

மைக்கிலேயே தொடங்கும் சிக்கல்

பிராட்டில் வரும் குழப்பங்களில் பாதி பிராட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்தவை. மடிக்கணினியும் கைபேசியும் இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலிமட்டச் சரிசெய்தலையும் கேட்காமலே செய்கின்றன. காதுக்கு நன்றாக இருக்கும், அளவீட்டுக்குக் கேடு. தானியங்கி ஒலிமட்டம் அமைதியான இடங்களில் ஒலியைத் தூக்கிவிடுவதால், அழுத்திச் சொன்ன அசைக்கும் மெல்லச் சொன்ன அசைக்கும் இடையிலான வித்தியாசம் சுருங்கிப்போகும். இரைச்சல் நீக்கம் மெல்லிய உரசொலிகளையும் சொல் முடிவில் தேயும் குற்றியலுகரத்தையும் இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். இரண்டையும் இயங்குதளத்தின் ஒலி அமைப்பில் போய் அணைத்த பிறகே பதிவு செய்ய வேண்டும்.

புளூடூத் ஹெட்செட் வேண்டவே வேண்டாம். அழைப்பு நிலையில் அவற்றின் மைக் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில்தான் ஒலியை அனுப்பும். கோப்பு 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று சொன்னாலும் 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளே ஒன்றும் இருக்காது. யாரிடமிருந்தாவது ஒலிக்கோப்பு வந்தால் முதல் வேலையாக ஸ்பெக்ட்ரோகிராமின் மேல் எல்லையை 20000 ஹெர்ட்ஸுக்கு உயர்த்திப் பாருங்கள். ஓர் உயரத்துக்கு மேல் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால், அந்தக் கோப்பு எங்கோ சுருக்கப்பட்டிருக்கிறது அல்லது குறுகிய வழியில் வந்திருக்கிறது. ஃபார்மன்ட் வேலைக்கு அது ஓரளவு தாங்கும். ஸகரத்தின் உரசலை அளக்கவோ குரல் நடுக்கத்தை அளக்கவோ உதவாது.

போதுமான அமைப்பு இதுதான்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அல்லது அதற்கு மேல், சுருக்கப்படாத வேவ் கோப்பு. மைக் வாயிலிருந்து 15 செ.மீ. அளவில், மூச்சுக்காற்று நேராக அடிக்காதபடி சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒருதிசை மைக்கை வாயருகே கொண்டுபோனால் தாழ்ந்த அதிர்வெண்கள் கூடும். எனவே ஒருவருக்கு 5 செ.மீ., அடுத்தவருக்கு 20 செ.மீ. என்று வைத்துவிட்டுக் குரல்களை ஒப்பிட முடியாது. உச்சம் முழு அளவுக்கு 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்தால் திடீரெனக் குரல் எழும்பினாலும் அலை வெட்டுப்படாது. அறை எதிரொலியைக் கடைசியில் நினைப்பார்கள், உண்மையில் அதுதான் மோசமான எதிரி. ‘பட்டம்’ என்று சொல்லும்போது ட்ட-வின் அடைப்பு முழு அமைதியாக இருக்க வேண்டும். வெற்றுச்சுவர் அறையில் முந்தைய உயிரின் வால் அந்த அமைதிக்குள் வந்து நிரம்பி, அடைப்பு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் செய்துவிடும். பதிவுக்குப் பிறகு இதைச் சரிசெய்ய எந்த வடிகட்டியும் இல்லை.

ஸ்பெக்ட்ரோகிராம்: தலை, தளை, தழை

முன்னிருப்புச் சாளர நீளம் (ஒரு தடவையில் பகுக்கும் ஒலித்துண்டின் நீளம்) 0.005 வினாடி. இது அகலப்பட்டைப் படம். பட்டை அகலம் ஏறத்தாழ 260 ஹெர்ட்ஸ் என்பதால் ஃபார்மன்ட்கள் கருமையான பட்டைகளாகவும் குரல்நாண் அடிகள் செங்குத்துக் கோடுகளாகவும் தெரியும். அதையே 0.03 வினாடியாக்கினால் பட்டை அகலம் 43 ஹெர்ட்ஸாகக் குறையும், செங்குத்துக் கோடுகள் மறைந்து சுருதியின் மடங்குகளான ஒத்திசை அதிர்வெண்கள் கிடைக்கோடுகளாக ஏறி இறங்கும். சுருதி சரிதானா என்று சந்தேகம் வந்தால் இந்தக் குறும்பட்டைப் படத்துக்கு மாறுங்கள். பத்தாவது ஒத்திசை 2000 ஹெர்ட்ஸில் இருந்தால் சுருதி 200-தான், பிராட்டின் நீலச் சுருதிக்கோடு 100 என்று சொன்னாலும்.

இந்த மென்பொருளின் அருமையைப் பார்க்க மூன்று சொற்கள் போதும். தலை, தளை, தழை ஆகியவற்றை ஒரே குரலில், ஒரே வேகத்தில் பதிந்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் உயிர் மூன்றிலும் ஒரே அகரம்தான். ஆனால் தழையில் அந்த அகரம் முடிவதற்குள்ளேயே எஃப்3 (மூன்றாம் ஃபார்மன்ட்) சரிந்து இறங்கி எஃப்2-வை (இரண்டாம் ஃபார்மன்ட்) நெருங்கும். நாநுனி பின்னோக்கி வளைவதன் ஒலித்தடம் இது. தளையிலும் உயிரின் கடைசிப் பகுதியில் வளைவின் சாயல் விழும். வளைநா மெய்களில் நாக்கு பின்னே வளைந்து அண்ணத்தைத் தொட்டு, தொட்டபடியே முன்னோக்கி வருவதால், அடையாளம் மெய்க்கு முந்தைய உயிரில்தான் அதிகம் பதியும், பிந்தைய உயிரில் குறைவு. ள, ழ ஒலிப்பை ஆராய்பவர்கள் மெய்யின் நடுவில் மட்டும் அளந்துவிட்டு வித்தியாசம் கிடைக்கவில்லை என்றால், அளந்த இடம் தவறு.

வல்லினத்துக்கும் இதே படம் நன்றாக உதவும். ‘படம்’ என்பதில் டகரம் கண்சிமிட்டும் நேரத் தட்டல், அடியில் குரல்நாண் அதிர்வு பெரும்பாலும் தொடர்ந்து ஓடும். ‘பட்டம்’ என்பதில் நீண்ட வெற்றிடமும் அதன் முடிவில் ஒரு வெடிப்புக் கோடும் தெரியும். இரண்டையும் பிரிப்பது அடைப்பின் நீளமா, குரல் அதிர்வா, முன் உயிரின் நீளமா என்ற கேள்வியைத் தனித்தனியே அளந்து விடைகாண பிராட் இடம் கொடுக்கிறது.

ஃபார்மன்ட்: அதிகம் தவறும் இடம்

பிராட்டின் ஃபார்மன்ட் கணக்கு நேரியல் கணிப்பு முறையில் (ஒலியின் அடுத்த மதிப்பை முந்தைய மதிப்புகளிலிருந்து கணிப்பது), பர்க் வழிமுறைப்படி நடக்கிறது. நாம் கொடுக்கும் எண்கள் முக்கியமாக இரண்டு: எத்தனை ஃபார்மன்ட், எந்த மேல் எல்லைக்குள். முன்னிருப்பு 5 ஃபார்மன்ட், 5500 ஹெர்ட்ஸ். உள்ளே நடப்பது இதுதான்: ஒலியை மேல் எல்லையின் இருமடங்கான 11000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கு மாற்றி, ஒரு ஃபார்மன்ட்டுக்கு இரண்டு வீதம் 10 கெழுக்களைப் பொருத்துகிறது. ஆக, ‘5500-க்குள் ஐந்து உச்சங்களைக் கண்டுபிடி’ என்று கட்டளையிடுகிறோம். அங்கே உண்மையில் நாலரை இருந்தாலும் ஐந்தரை இருந்தாலும் அது ஐந்தைத்தான் தேடும்.

இந்த எல்லை குரல்வழியின் நீளத்திலிருந்து வருகிறது. ஒரு முனை மூடி, மறுமுனை திறந்த 17.5 செ.மீ. குழாய்க்கு ஒத்ததிர்வுகள் 500, 1500, 2500, 3500, 4500 ஹெர்ட்ஸ், அதாவது ஆயிரத்துக்கு ஒன்று. அதனால் வளர்ந்த ஆண் குரலுக்கு 5000. பெண்களின் குரல்வழி பொதுவாகக் குட்டை என்பதால் 5500. சிறு குழந்தைக்கு 8000 வரை போக வேண்டியிருக்கும். ஆனால் இவை தொடக்க எண்கள் மட்டுமே. பால் என்ற கட்டத்தைப் பார்த்து எல்லையை வைப்பதைவிட, ஆளைப் பார்த்து வைப்பதே சரி.

எல்லை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. ஆண் குரலின் ஊகாரத்தை 5500 அல்லது அதற்கு மேல் வைத்து அளந்தால், அருகருகே இருக்கும் எஃப்1, எஃப்2 இரண்டும் ஒன்றாக ஒட்டிப்போய், எஃப்3 இருக்கும் இடத்தை எஃப்2 என்று எழுதிவிடும். அட்டவணையில் 800-க்குப் பதில் 2300 என்று நிற்கும். எதிர்த்திசையில், பெண் அல்லது குழந்தைக் குரலுக்கு எல்லையைத் தாழ்த்தி வைத்தால், உள்ளே ஐந்து இல்லாததால் ஒரே உச்சத்தை இரண்டாகப் பிளந்து காட்டும். ஆகாரத்தில் எஃப்1-க்கும் எஃப்2-க்கும் நடுவே இல்லாத ஒன்று முளைத்தால் இதுதான் காரணம். இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே: ஃபார்மன்ட்டைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள் ஸ்பெக்ட்ரோகிராமின் கரும்பட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது. எல்லையை 250 ஹெர்ட்ஸ் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். எண் அசையாமல் இருந்தால் நம்பலாம். எஃப்2 நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் தாவினால் அந்த அளவை ஒதுக்குங்கள். ஃபார்மன்ட் எண்ணிக்கையை 5.5 என்று அரை எண்ணாகவும் கொடுக்கலாம். ஒட்டிப்போன எஃப்1, எஃப்2-வைப் பிரிக்க அது சில நேரம் உதவும்.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தானே செய்யும் ஃபார்மன்ட்பாத் என்ற பொருள் புதிய பதிப்புகளில் இருக்கிறது. நடு எல்லைக்கு மேலே நான்கு, கீழே நான்கு என மொத்தம் ஒன்பது எல்லைகளில் கணக்கிட்டு, இடத்துக்கு இடம் எது சீராக ஓடுகிறது என்று தேர்வு செய்ய விடுகிறது. நிறையப் பேச்சாளர்களை வைத்து வேலை செய்பவர்கள் பழைய ‘டூ ஃபார்மன்ட்’ கட்டளையை விட்டு இதற்கு மாறுவது நல்லது.

எந்த அமைப்பாலும் தீராத இரண்டு வரம்புகளும் உண்டு. ஒன்று, உயர்ந்த சுருதி. குரல் 300 ஹெர்ட்ஸில் இருந்தால் ஒத்திசைகள் 300, 600, 900 என்றுதான் இருக்கும். ஃபார்மன்ட் 420-இல் இருந்தாலும் அங்கே ஒலியே இல்லாததால் கணக்கு அருகிலுள்ள ஒத்திசையைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளின் ஈகார எஃப்1 மதிப்புகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்று, மெல்லினமும் ல, ள ஆகியவையும். மூக்கறையும் நாவின் பக்கவழிகளும் சில அதிர்வெண்களை விழுங்கிப் பள்ளங்களை உண்டாக்கும். பிராட் பயன்படுத்தும் மாதிரிக்கு உச்சங்களை மட்டுமே தெரியும், பள்ளங்களைத் தெரியாது. அதனால் ண, ன, ம, ல, ள நடுவே புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அங்கிருந்து எடுத்த சராசரியை அட்டவணையில் போடாதீர்கள். பக்கத்து உயிரின் போக்கிலிருந்து பேசுங்கள்.

ஒரு சிறு பொறி: திரையில் ஒரு பகுதியைத் தேர்ந்திருந்தால் ‘கெட் ஃபர்ஸ்ட் ஃபார்மன்ட்’ அந்தப் பகுதியின் சராசரியைத் தரும், சுட்டி மட்டும் நின்றால் அந்தப் புள்ளியின் மதிப்பைத் தரும். கட்டளை ஒன்றே. பாதி அளவுகள் சராசரியாகவும் பாதி அளவுகள் புள்ளியாகவும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. உயிரின் நடு மூன்றில் ஒரு பங்கின் சராசரி என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவது பாதுகாப்பு.

சுருதி: தாழ்வெல்லையின் விலை

சுருதிக் கணக்கில் பிராட் மிக வலிமையானது. போயர்ஸ்மா 1993-இல் வெளியிட்ட தன்னொப்புமை முறை (அலையைச் சற்று நகர்த்தி அதனோடே ஒப்பிடுவது) இதன் அடித்தளம். ஒலித்துண்டின் தன்னொப்புமையைச் சாளரத்தின் தன்னொப்புமையால் வகுப்பது அதன் சூட்சுமம். சாளரம் உண்டாக்கும் சரிவு அதனால் நீங்கி, அலையின் உண்மையான மீள்வு தெரிகிறது. ஆனால் தேட வேண்டிய சுருதியின் தாழ்வெல்லையை வைக்கும்போது ஒரு விலை கொடுக்கிறோம். அந்த எல்லைக்குரிய மூன்று அலைகள் சாளரத்துக்குள் அடங்க வேண்டும். 75 ஹெர்ட்ஸ் என்றால் 40 மில்லிவினாடிச் சாளரம், 40 ஹெர்ட்ஸ் என்றால் 75 மில்லிவினாடி. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லையைத் தாழ்த்தினால், வேகமாக ஏறி இறங்கும் சுருதி மழுங்கிப்போகும். சுருதி பாதியாக விழும் பிழையும் கூடும்.

ஆணுக்கு 75 முதல் 300, பெண்ணுக்கு 100 முதல் 500 என்று தொடங்கலாம். அதைவிடச் சிறந்தது இரண்டு சுற்று வழி. முதலில் அகலமான எல்லையில் அளந்து, ஒருவருடைய சுருதி மதிப்புகளின் முதல் கால்மானத்தையும் (கீழிருந்து 25% இடத்து மதிப்பு) மூன்றாம் கால்மானத்தையும் (75% இடத்து மதிப்பு) எடுங்கள். தாழ்வெல்லை முதலாவதின் 0.75 மடங்கு, மேலெல்லை மூன்றாவதின் 1.5 மடங்கு என்று வைத்து மறுபடி அளந்தால் பாதியாக்கும், இருமடங்காக்கும் பிழைகள் பெருமளவு உதிர்ந்துவிடும். உணர்ச்சி பொங்கும் பேச்சுக்கு மேலெல்லையை இன்னும் உயர்த்த வேண்டும்.

வாக்கிய முடிவில் சுருதிக் கோடு திடீரென்று 200-லிருந்து 100-க்குக் குதித்தால் உடனே நீக்கிவிடாதீர்கள். அந்த இடத்தில் 50 மில்லிவினாடியை மட்டும் பெரிதாக்கி அலைகளை எண்ணுங்கள். பத்து அலைகள் ஒரே இடைவெளியில் இருந்தால் சுருதி 200, பிராட் பிழை செய்திருக்கிறது. ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று மாறி மாறி வந்தாலோ இடைவெளி சீரற்று இருந்தாலோ குரல் உண்மையிலேயே கரகரத்திருக்கிறது. அங்கே சுருதி என்ற ஒற்றை எண்ணுக்கே பொருள் தேய்ந்துவிடுகிறது. திருத்துவதானால் பிட்ச் பொருளைத் தனியே திறந்து, மாற்று மதிப்புகளில் சரியானதைச் சொடுக்கினால் போதும்.

2023 இறுதியில் வந்த 6.4 பதிப்பில் முன்னிருப்பே மாறியது. இப்போது வடிகட்டிய தன்னொப்புமை என்ற முறை முதலில் நிற்கிறது, எல்லை 50 முதல் 800 ஹெர்ட்ஸ். பழைய முறை ‘ரா’ என்ற பெயரோடு பக்கத்தில் இருக்கிறது. பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குப் புதிய முறை நல்ல முன்னேற்றம், பிடிப்பு கூடியிருக்கிறது. குரல் தர ஆய்வுக்கு ‘ரா குறுக்கொப்புமை’ என்ற இன்னொரு முறையையே மென்பொருள் பரிந்துரைக்கிறது. பழைய பதிப்பில் பாதி, புதிய பதிப்பில் பாதி என்று அளந்த தரவு ஒன்றோடொன்று பொருந்தாது.

டெசிபெல்லும் குரல் அறிக்கையும்

ஒலிச்செறிவுக் கோடு காட்டும் டெசிபெல்லை அப்படியே எழுதுவது பரவலான தவறு. கோப்பில் உள்ள எண்களைப் பாஸ்கல் என்று வைத்துக்கொண்டு, 0.00002 பாஸ்கலை ஒப்பாகக் கொண்டு பிராட் கணக்கிடுகிறது. அதனால் முழு அளவைத் தொடும் சைன் அலை எந்த மைக்கில் வந்தாலும் ஏறத்தாழ 91 டெசிபெல் என்றே வரும். பதிவுக் கருவியின் குமிழைத் திருகினால் டெசிபெல் மாறிவிடும், பேசியவர் அதே உரப்பில் பேசியிருந்தாலும். ஒரே பதிவுக்குள், மைக் நகராமல் இருந்தால், இரண்டு அசைகளின் வித்தியாசம் நம்பத்தக்கது. தனி மதிப்பு வேண்டுமானால் 94 டெசிபெல் தரும் அளவுத்திருத்தக் கருவியின் ஒலியை அதே குமிழ் நிலையில் பதிந்து, அந்த எண்ணால் திருத்த வேண்டும். ‘ஸ்கேல் இன்டென்சிட்டி’ கட்டளையால் எல்லாக் கோப்புகளையும் 70 டெசிபெல்லுக்குக் கொண்டுவருவது கேட்டல் சோதனைக்குச் சரி. உச்சம் 1-ஐத் தாண்டிய கோப்பை வேவாகச் சேமித்தால் அலை வெட்டுப்படும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

குரல் அறிக்கை ஜிட்டர் (அலைக்கு அலை கால அளவு மாறும் நடுக்கம்), ஷிம்மர் (அலைக்கு அலை உயரம் மாறும் நடுக்கம்), ஒத்திசை-இரைச்சல் விகிதம் மூன்றையும் ஒரே சொடுக்கில் கொட்டும். இவற்றை நீட்டிச் சொன்ன ஆகாரத்தின் நிலையான நடுப்பகுதியில் மட்டும் எடுங்கள். ஓடும் பேச்சில் எடுத்தால் சுருதி மாற்றமே நடுக்கமாகக் கணக்கில் ஏறிவிடும். விகிதம் 20 டெசிபெல் என்றால் ஆற்றலில் 99% மீள்வுள்ள ஒலி, 0 என்றால் சரிபாதி இரைச்சல். ஜிட்டருக்கு 1.04%, ஷிம்மருக்கு 3.81% என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் வரம்புகள் வேறொரு மென்பொருளின் கணக்கு முறையிலிருந்து வந்தவை. அவற்றை வைத்து ஒரு குரலை நோயுற்றது என்று சொல்லக் கூடாது. திரையில் எவ்வளவு பகுதி தெரிகிறது என்பதைப் பொறுத்தும் இந்த எண்கள் சற்று மாறுவதால், ஆய்வுக்கான அளவுகளை ஆப்ஜெக்ட்ஸ் சாளரத்திலிருந்தோ நிரலிலிருந்தோ எடுப்பதே முறை.

குறியிடலும் நிரலும்

ஒலியோடு சேர்த்துக் குறிகளை அடுக்கடுக்காக எழுதும் டெக்ஸ்ட்கிரிட் பிராட்டின் அமைதியான சாதனை. சொல்லுக்கு ஓர் அடுக்கு, ஒலிக்கு ஓர் அடுக்கு, வெடிப்பு போன்ற நொடிப்புள்ளிகளுக்கு ஓர் அடுக்கு என்று வைத்து, என்டர் தட்டினால் எல்லைக்கோடு விழும், டேப் தட்டினால் ஒலிக்கும். ஒரே இடத்தில் இரண்டு அடுக்குகளின் எல்லைகள் நூலிழை விலகி நின்றால் பின்னால் நிரல் குழம்பும். ஷிஃப்டை அழுத்தியபடி இழுத்தால் ஒரே நேரத்தில் நிற்கும் எல்லைகள் எல்லாம் சேர்ந்து நகரும். ய, வ, ழ போன்ற இடையினங்களுக்கும் உயிருக்கும் நடுவே கூர்மையான எல்லை இயற்கையிலேயே இல்லை. எஃப்3 சரிவின் நடுப்புள்ளி என்பதுபோல் ஒரு விதியை எழுதி வைத்துவிட்டு, குறியிடும் எல்லோரும் அதையே பின்பற்ற வேண்டும்.

தமிழில் குறியிடுபவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டியது உரை எழுதும் அமைப்பு. அங்கே ‘முதலில் ஆஸ்கி, இல்லாவிட்டால் யுடிஎஃப்-16’ என்று இருந்தால், தமிழ் எழுத்து வந்தவுடன் கோப்பு யுடிஎஃப்-16-ஆகச் சேமிக்கப்படும். பைத்தான் நிரல் யுடிஎஃப்-8 எதிர்பார்த்துத் திறந்து முதல் வரியிலேயே விழும். யுடிஎஃப்-8 என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை முடிந்தது. ஒரு மொழியைத் தேர்ந்து ஈஸ்பீக் என்ற பேச்சு உருவாக்கியின் உதவியுடன் எல்லைகளைத் தானாக இடும் வசதியும் உள்ளே இருக்கிறது. தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு. தோராயக் கோடுகளுக்கு உதவும், அளவீட்டுக்குக் கையால் திருத்தியே ஆக வேண்டும்.

நிரல் மொழி பழைய பாணிதான், அழகு குறைவு. ஆனால் கற்பதற்கு இதைவிட எளிய வழி எந்த மென்பொருளிலும் இல்லை. நிரல் சாளரத்தில் வரலாற்றை அழித்துவிட்டு, வேண்டியதை மெனு வழியே ஒருமுறை கையால் செய்து, ‘பேஸ்ட் ஹிஸ்டரி’ கொடுங்கள். செய்தது அத்தனையும் நிரலாக வந்து விழும். அதைச் சுற்றி ஒரு சுழற்சி போட்டால் ஆயிரம் கோப்புகளுக்கும் ஓடும். வழக்கமாக இடறும் கற்கள் மூன்று. கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தால் பொருளின் பெயரில் அது அடிக்கோடாக மாறிவிடும். பெயரால் தேர்ந்தெடுக்கும் நிரல் நின்றுபோகும், எனவே பொருளின் எண்ணால் தேர்ந்தெடுங்கள். சுழற்சி முடிவில் பொருள்களை நீக்காவிட்டால் நினைவகம் நிரம்பி மென்பொருள் திணறும். குரலற்ற இடத்தில் சுருதி கேட்டால் ‘வரையறுக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு சொல் வரும். அதை எண் பத்தியில் விட்டுவைத்தால் விரிதாளில் சராசரி உடைந்துபோகும். பைத்தான் பழகியவர்கள் பார்செல்மௌத் நூலகத்தைப் பயன்படுத்தலாம். அது பிராட்டின் மூலநிரலையே உள்ளே வைத்து இயக்குவதால், அமைப்புகளும் பதிப்பும் ஒன்றாக இருந்தால் எண்களும் ஒத்துப்போகும்.

ஒலியை மாற்றும் பகுதி கேட்டல் ஆய்வாளர்களுக்குப் பெரிய வரம். மேனிபுலேஷன் பொருளைத் திறந்து ‘படம்’ என்பதன் அடைப்பைப் படிப்படியாக நீட்டி, எந்தப் படியில் காது ‘பட்டம்’ என்று கேட்கத் தொடங்குகிறது என்று சோதிக்கலாம். அலைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டும் முறை என்பதால் சிறு மாற்றங்களில் குரல் இயல்பாகவே இருக்கும். சுருதியை இருமடங்காக்கினால் செயற்கை ஒலி வந்துவிடும். சோதனையை நடத்தும் வசதியும் பிராட்டிலேயே இருக்கிறது. வரைபடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிக்சர் சாளரம் அச்சுத்தரமான படங்களைத் தருகிறது. தலைப்பில் அடிக்கோடு இருந்தால் அடுத்த எழுத்து கீழ்க்குறியாகச் சுருங்கிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

வெறுமனே ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும். காணொளியோடு சேர்த்துக் குறியிட ஈலான் வசதியானது, அதிலிருந்து டெக்ஸ்ட்கிரிட்டாக ஏற்றுமதி செய்து பிராட்டுக்கு வரலாம். ஒலியின் உள்ளே அளக்க வேண்டிய தேவை வந்தவர்களுக்குப் பிராட்தான். பயன்படுத்திய பதிப்பு எண், சுருதியின் இரு எல்லைகள், ஃபார்மன்ட் எண்ணிக்கை, ஒவ்வொரு பேச்சாளருக்கும் வைத்த மேல் எல்லை, அளந்த இடம் ஆகியவற்றை முடிவுகளோடு சேர்த்து எழுதுங்கள். முன்னிருப்பு என்று எழுதினால் போதாது, அது பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. நிரலிலும் எல்லா எண்களையும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.